மீனுக்கு அம்மை போட்ட ஒன்பது நாள்

எதிர்வீட்டுக் கேட்டில் இன்று காலை வேப்பிலைக் கொத்து செருகியிருந்தார்கள். அந்த வீட்டுப் பையனுக்கு அம்மையாம். காற்று எங்கள் பக்கம் திரும்பியதும் ஜன்னலைச் சாத்திவிட்டேன். வேப்பிலை வாசம் உடம்புக்கு நல்லது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். கண்ணாடித் தொட்டியில் நாலு நாள் ஊறிய வேப்பிலையை அவர்கள் மோந்து பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். ஊறப்போட்டவனே நான்தான்.

சின்ன வயதில், கடலூர் முதுநகர் வீட்டில், எனக்கும் அம்மை போட்டது. நாங்கள் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம். ஆனால் அம்மை வந்துவிட்டால் மட்டும் எங்கள் வேதமும் தெருவின் வேதமும் ஒன்றாகிவிடும். தலைமாட்டில் செபமாலை, பாய்க்கு அடியில் வேப்பிலை. கொப்புளம் என்று சொல்லக் கூடாது, முத்து என்றுதான் சொல்ல வேண்டும். மருந்து கூடாது. முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரும்வரை குளியலும் கூடாது. ஒன்பதாம் நாள் ஊற்றினார்கள். பிழைத்துக்கொண்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று. தானாக இறங்கிய அம்மையை வைத்தியம் இறக்கியதாக நம்பிக்கொண்டே ஒரு டிகிரியும் வாங்கி, ஓர் அரசாங்க ஆபீஸில் மற்றவர்களின் விண்ணப்பங்களில் பிழை கண்டுபிடிக்கிற வேலைக்கும் வந்துவிட்டேன்.

மீனை வாங்கியது சிதம்பரத்தில். நாலு வருஷம் ஆகிறது. என் மகள் ஜெனிக்கு அப்போது எட்டு வயது. டெங்குக் காய்ச்சலில் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள். சேர்த்த அன்று டாக்டர் கேட்டார், "ரெண்டு நாள் முன்னாடியே கூட்டிட்டு வர்றதுக்கு என்ன?" அந்த இரண்டு நாளும் நான் பப்பாளி இலையை அரைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆபீஸ்ல லீவு கிடைக்கல டாக்டர்" என்றேன். டிரிப்ஸ் ஏறுகிற கையோடு ஜெனி என்னைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அந்த ஆறு நாளைப் பற்றி இதற்கு மேல் இன்றைக்கும் என்னால் எழுத முடியவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மீன் கடை முன்னால் நின்றுவிட்டாள். ஃபைட்டர் மீன்கள். இரண்டை ஒன்றாக விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி பாட்டிலில் வைத்திருந்தார்கள். நீல நிறத்தில், வாலை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு நின்ற ஒன்றைக் காட்டி, "இதுவும் என்ன மாதிரியே தனி ரூம்ல இருக்குப்பா" என்றாள். வாங்கிவிட்டேன். மயிலு என்று பேர் வைத்தாள்.

ஒரு மாதம் போயிருக்கும். "அப்பா, இங்க வந்து பாரேன். மயிலு மேல ரவை ஒட்டியிருக்கு!"

பார்த்தேன். உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளிகள். வாலைச் சுருக்கிக்கொண்டு கூழாங்கல்லில் போய்ப் போய் உரசிக்கொண்டிருந்தது. அன்று பார்த்து என் மைத்துனன் அருள் பண்ருட்டியிலிருந்து வந்திருந்தான். அருளுக்கு முந்திரி வியாபாரம். மூட்டைக்குள் கையை விட்டே எத்தனை பருப்பு உடைசல் என்று சொல்லிவிடுவான். அதனால் உலகத்தில் எது உடைந்தாலும் தன்னால் சொல்ல முடியும் என்பது அவன் எண்ணம். பப்பாளி இலையும் அவன் சொன்னதுதான்.

"மாமா, இது ஒண்ணுமில்ல. அம்மை."

"மீனுக்கா மச்சான்?"

"கோழிக்கு வருது, மாட்டுக்கு வருது. மீனு மட்டும் என்னா பெரிய கலெக்டரா? முத்து முத்தா போட்டிருக்கு பாருங்க. நாலு வேப்பிலைய கிள்ளிப் போடுங்க. தன்னால எறங்கிடும்."

சமையலறையிலிருந்து என் மனைவி தன் பங்குக்குச் சொன்னாள், "அப்ப தொட்டித் தண்ணிய மாத்தாதீங்க. தண்ணி ஊத்துற நாள் வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

ஜெனி சிரித்துவிட்டாள். "அது தண்ணிக்குள்ளதானம்மா இருக்கு!"

அன்றைக்கு அந்த வீட்டில் மூளை இருந்த ஒரே ஆள் அவள்தான். பெரியவர்கள் மூன்று பேரும் சேர்ந்து அவளை அதட்டினோம். அம்மை விஷயத்தில் விளையாடாதே என்று விரலை ஆட்டியது நான்.

ஆக, ஒரு மீனை ஒன்பது நாள் குளிப்பாட்டாமல் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் தண்ணீர் டீ மாதிரி ஆனது. நாலாம் நாள் நாறத் தொடங்கியது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மீனின் படத்தைப் போட்டேன், அறிவு கொட்டியது. ஒருத்தர் மஞ்சள் தூள் என்றார். இன்னொருத்தர், "கடலூர்ல இருந்துகிட்டு மீனுக்கு ஒடம்பு சரியில்லன்னு அழலாமா? ரெண்டு சொம்பு கடல் தண்ணிய மொண்டாந்து ஊத்துங்க" என்றார். பதினேழு பேர் அதற்குக் கைகூப்பினார்கள். நல்ல தண்ணீர் மீனுக்குக் கடல் தண்ணீர்! நான் பக்கெட்டைத் தேடியதையும் சொல்லிவிடுகிறேன்.

தினமும் ஜெனி கேட்டாள். "டாக்டர்கிட்ட போலாம்பா."

"மீனுக்கு ஏதும்மா டாக்டர்?"

"குடுத்த கடைக்காரர் இருக்காரே."

ஒன்பதாம் நாள் மயிலு ஒருக்களித்துப் படுத்துவிட்டது. ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினோம். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "என்னா சார், ஒத்த மீன வெச்சி ஊருக்கே கொழம்பு வெக்கப் போறீங்களா?" பஸ் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். ஜெனி பாட்டிலைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள்.

கடைக்காரர் மீனைப் பார்க்கவில்லை. முதலில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"எத்தினி நாளா தண்ணி மாத்தல?"

"ஒம்பது நாள்."

"ஏன் சார்?"

"ஆபீஸ்ல லீவு கிடைக்கல" என்றேன். வாய் அதற்குப் பழகியிருந்தது.

ஜெனி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"இது வெள்ளைப்புள்ளி சார். ஒரு கிருமி. பாதித் தண்ணிய மாத்தி, கொஞ்சம் வெதுவெதுன்னு வெச்சி, மருந்து விட்டிருந்தா போயிருக்கும். மொத நாளே வந்திருந்தீங்கன்னா..." தண்ணீரை மாற்றி, மருந்தை எண்ணி நாலு சொட்டு விட்டுக் கொடுத்தார். திரும்பி வரும்போது புதுச்சத்திரம் தாண்டியதும் மயிலு அசைவதை நிறுத்திக்கொண்டது. ஜெனி சொல்லவில்லை. கடலூர் வரும்வரை பாட்டிலை ஆடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கேட்டாள்.

"எனக்கும் இப்படித்தான் லீவு கிடைக்கலையாப்பா?"

மறுநாள் அருள் போன் செய்தான். "ஒம்பதாம் நாள் தண்ணி ஊத்தாம பஸ்ல தூக்கிட்டுப் போனீங்க பாருங்க மாமா, அதான் போயிடுச்சி." அவனைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருந்தது? போனை வைத்துவிட்டேன்.

அந்தப் பாட்டிலில் மறுபடியும் ஊறுகாய் இருக்கிறது. "அப்பா, இங்க வந்து பாரேன்" என்று ஜெனி என்னைக் கூப்பிட்டுத்தான் நாலு வருஷம் ஆகிறது. போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக நெற்றியைத் தொடப் போனேன். வாயில் தெர்மாமீட்டர் வைத்திருந்தாள். பொறு என்று கையைக் காட்டினாள். எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, அளவை அவள் அம்மாவிடம் சொன்னாள்.

"டாக்டர்கிட்ட ஆறரைக்கு டோக்கன் போட்டாச்சி. வண்டிய எடு" என்றாள் ஜெனி, என்னிடம். "லீவெல்லாம் போட வேணாம்."