லயத்துக்கு மேல் சாய்ந்த மரம்

1957 கடைசியில் விடாமல் பெய்த மழை இறம்பொடைப் பக்கத்து மலைகளை ஊறவைத்துவிட்டது. ஒரு காலை பார்த்தால், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு மேலே நின்ற பெரிய கருப்பந்தைல மரம் வேர் கிளம்பி, கூரைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

தோட்டத்தில் மரம் வெட்டும் அழகுமுத்துவை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கூப்பிட்டார்.

"இன்னைக்கே சாய்ச்சிரு. நாளைக்குத் தொர வாறாரு."

"இன்னைக்கு முடியாதுங்கையா. மொதல்ல சனத்த வெளிய எடுக்கணும். ஸ்டோருலருந்து கம்பிக்கயிறு வேணும்."

கண்டாக்கு கத்தினார். அழகுமுத்து கோடரியைத் தொடவே இல்லை. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். லயத்துச் சனம் சட்டி பானையோடு, பகலில் பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் போனது. அழகுமுத்துவின் மனைவி சண்முகவடிவும் போனாள்.

அவளுக்கு இது இரண்டாவது கலியாணம். முதல் புருஷன் சின்னராசா, அழகுமுத்துவோடு ஒரே ரம்பத்தை இழுத்தவன். சாய்ந்த மரம் ஒன்று அவனைக் கொன்றுபோட்டது. மூன்று வருஷம் கழித்து அழகுமுத்து அவளைக் கட்டிக்கொண்டான். அந்த நாளைப் பற்றி அவள் கேட்டதில்லை. அவனும் வாய் திறந்ததில்லை.

அன்று சாயங்காலம் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அவரு எப்படிச் செத்தாரு?"

அழகுமுத்து கோப்பையைக் கீழே வைத்தான்.

"அவசரந்தான் வடிவு. சாயுற பக்கம் அடிமரத்துல போடுற வாய் சரியா வெட்டல. பின்னாலருந்து நேரா அறுத்தோம். பாதிகூட அறுக்கல, அடிமரம் நெடுக்காப் பொளந்து பின்பக்கமா எகிறிருச்சு. நான் ஒரு அடி தள்ளி நின்னேன். அவன் நிக்கல."

"வலிச்சிருக்குமா?"

"இல்ல. அவனுக்கே தெரிஞ்சிருக்காது."

அவள் முந்தானையில் முகம் துடைத்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தன வருசமா இத ஒத்தையாவா சொமந்தீங்க?"

மறுநாள் மழை விட்டிருந்தது. ஏணி வைத்து, மரத்தின் மேல்பாதியில் கம்பிக்கயிற்றைக் கட்டி, மேட்டிலிருந்த இன்னொரு பெரிய மரத்தோடு இறுக்கினான். இனி அது லயத்தின் மேல் விழ முடியாது. பக்கவாட்டில் வெறும் நிலம் கிடந்தது. அந்தப் பக்கம் பார்த்து அடிமரத்தில் ஆப்பு வடிவில் வாய் வெட்டினான். மரத்தில் கட்டிய இன்னொரு கயிற்றை அங்கிருந்து இழுக்க ஆட்களை நிறுத்தினான், மரத்தின் நீளத்துக்கும் அப்பால். தான் ஓடவேண்டிய பாதையில் கிடந்த கிளைகளைக்கூடத் தானே பொறுக்கிப் போட்டான்.

கூட்டாளி சிவசாமியோடு பின்பக்கம் அறுத்தான். மரம் லயத்துப் பக்கம் திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்ள, சாய்வுக்கு எதிர்ப்புறம் மட்டும் அறுக்காத கட்டையைத் தடிமனாக விட்டு வைத்தான். 'நறுக்'கென்று ஒரு சத்தம்.

"விட்டுட்டு வா, சிவசாமி!"

ரம்பத்தை அப்படியே விட்டு இருவரும் விலகி ஓடினார்கள். ஆட்கள் இழுத்தார்கள். மரம் ஒரு கணம் யோசித்ததுபோல் நின்று, மெல்லத் திரும்பி, வெறும் நிலத்தில் விழுந்தது. லயத்துக் கூரையில் ஒரு தகரம்கூட அசையவில்லை.

கிளை நுனி ஒன்று அதே லயத்து வேலாயியின் அவரைப் பந்தலை நொறுக்கிவிட்டது. "ஏன்டாப்பா, எம்பந்தல்தானா கெடச்சுது?" என்று அவள் போட்ட சத்தம் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

அழகுமுத்து ரம்பத்தை எடுத்து ஓரமாக வைத்தான். அடிக்கட்டையில் உட்கார்ந்தான். சண்முகவடிவு யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று ஏறி வந்து, அவன் தலைமுடியிலிருந்த மரத்தூளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"நாளைக்கு வேலாயிக்காவுக்குப் பந்தல் போட்டுக் குடுத்துருங்க," என்றாள்.

"சரி," என்றான் அவன். அவள் எடுத்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.