பஸ்தியாம்பிள்ளை சொன்ன பொய்

பிராண்டே என்ற டேனிஷ் ஊரில் காற்றாலை செய்யும் தொழிற்சாலையில் பஸ்தியாம்பிள்ளையும் நானும் பதினாறு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். அவர் மன்னார், நான் யாழ்ப்பாணம். ஊரில் நடந்த சண்டையைப் பற்றி வாய் திறக்கமாட்டார். ஒரேயொரு கதையை மட்டும் சலிக்காமல் சொல்லுவார். எண்பத்தைந்தில் தம்பி அல்பேட்டைத் தேடி ஆமி வந்தபோது, அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று வாசலில் நின்று சொன்னாராம். அல்பேட் கட்டிலுக்குக் கீழே கிடந்தான். பொய் சொல்லத் தெரியாத மனிதர் சொன்ன அந்த ஒரு பொய்யால் அல்பேட் இன்றைக்கும் கனடாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான்.

அவருடைய மகன் டெனிஸ்ரன் இங்கே பிறந்தவன். பதினெட்டு வயதில் எல்லாப் பொடியன்களையும் போல அவனையும் இராணுவம் கூப்பிட்டுச் சீட்டு எடுக்க வைத்தது. சின்ன எண் வந்தால் சேவைக்குப் போகவேண்டும், பெரிய எண் வந்தால் வீட்டுக்குப் போகலாம். டெனிஸ்ரனுக்குப் பெரிய எண் விழுந்தது. பஸ்தியண்ணை மடுமாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, தொழிற்சாலையில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். மூன்று மாதம் போகவில்லை, மகன் தானாகவே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

"நாங்கள் ஓடிவந்ததே பிள்ளையள் இதுக்குள்ள போகக்கூடாதெண்டுதானேடா" என்று தகப்பன் கேட்டார். என்னோடு படித்தவர்கள் போகிறார்கள், நான் மட்டும் வீட்டில் இருப்பதா என்று மகன் டேனிஷில் திருப்பிக் கேட்டான். எனக்கு அவன்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பயிற்சி முடிந்து, இரண்டாயிரத்து ஒன்பது இலையுதிர்காலத்தில் ஆப்கானிஸ்தானுக்குப் போனான்.

பாலும் வெண்ணெயும் விற்கிற நாடு போருக்குப் போனால் எப்படியிருக்கும் என்று அந்த வருடம் பார்த்தேன். சத்தமே இல்லை. வீரர்களுக்கு ஆதரவாகக் கார்களின் பின்னால் மஞ்சள் நாடா ஒட்டினார்கள். சூப்பர்மார்க்கெட் வாசலில் மேசை போட்டு, கோப்பியும் மிட்டாயும் கம்பளிக் காலுறையும் பொதி கட்டி வீரர்களுக்கு அனுப்பினார்கள். அவ்வப்போது செய்தியில் இறந்தவன் ஒருவனின் முகம் சீருடையோடு வரும், அதற்குப் பிறகு காலநிலை சொல்லுவார்கள். அண்ணையின் மனைவி விக்ரோரியா அக்கா அந்தப் பொதிக்குள் மாசிச் சம்பல் போத்தல் ஒன்றையும் வைத்தார். அதுவரை அண்ணையின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாத மேலாளர் வந்து கையைக் குலுக்கி, பெருமையாக இருக்கும் இல்லையா என்று கேட்டார். அண்ணை தலையாட்டினார். பிறகு கழிவறைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. அக்கா கடைக்குப் போயிருந்தார். நான் அண்ணை வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கார் நின்றது. சீருடையோடு இரண்டு பேர் இறங்கினார்கள். எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது, நானே எழும்பிப் போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினேன். மணி அடித்தது. அண்ணை கதவை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தார். நீங்கள் தேடுகிற குடும்பம் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வீடு மாறிப் போய்விட்டது, அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று டேனிஷில் சொன்னார். அவர்கள் கதவில் இருந்த பெயரைப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காருக்குத் திரும்பினார்கள்.

"போயிட்டாங்கள், தேவராசா" என்றார் அண்ணை. அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

கார் போகவில்லை. உள்ளே இருந்து யாருக்கோ தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றோம். மன்னாரில் ஆளைத் தேடி வந்த ஆமி ஜீப் திரும்பிப் போனது, செய்தி கொண்டுவந்த இந்தக் கார் ஏன் நிற்கிறது என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது. அவருக்கும் விளங்கியிருக்கும்.

அந்த நேரம் பார்த்து அக்கா இரண்டு கையிலும் பையோடு தெருமுனையில் திரும்பி வந்தார். அவர்கள் இறங்கி, பெயரைக் கேட்டு, தொப்பியைக் கழற்றினார்கள். அக்கா பைகளைப் பனியின் மேல் ஒவ்வொன்றாகக் கவனமாக வைத்தார். பிறகு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அண்ணை செருப்பில்லாமல் ஓடினார்.

பதினைந்து வருடம் கடந்துவிட்டது. ஒவ்வொரு செப்டெம்பரும் வீரர்களை நினைவுகூரும் நாளுக்கு அழைப்பு வருகிறது, இருவரும் போய்ப் பூ வைக்கிறார்கள். அல்பேட்டின் கதையை அவர் இப்போது சொல்வதில்லை. ஒருமுறை மட்டும் என்னிடம் சொன்னார்:

"பிள்ளை போனதை ஆராலயும் மாத்தேலாது. ஆனா அவளைத் தனிய ரோட்டில நிண்டு கேக்க விட்டது நான்."

அக்கா ஒரு பால் பெட்டி வாங்கப் போனாலும் அவரும் கூடவே போகிறார். வீட்டில் மணி அடித்தால் யாரென்றுகூடப் பார்ப்பதில்லை. ஓடிப்போய்க் கதவை முழுதாகத் திறந்துவிடுகிறார்.