மாதிரி என்றொரு பெண்

சாவியை ஒட்டுவதற்கு முன்னால் குழாய்க்காரர் இரண்டு கைகளையும் பேண்ட்டில் துடைத்துக்கொள்வார். சாவி என்றால் இரும்பு அல்ல. எழுத்தும் எண்ணும் தாறுமாறாகக் கலந்து கிடக்கும் நீளமான சரம். அதைத் திரையில் உரிய கட்டத்தில் ஒட்டி, 'சோதித்துப் பார்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார். வட்டம் சுற்றும். எதிர்ப்பக்கத்துக் கணினி பதில் சொன்னால், "பேசிட்டான்" என்று மூச்சை விடுவார். சாவி தவறாக இருந்தால், "நம்மள ஆள் தெரியலயாம்." முகவரி தவறாக இருந்தால், "வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்." அடிக்கடி கேட்டு நச்சரித்ததால் எதிர்ப்பக்கம் கதவைச் சாத்திக்கொண்டால் மட்டும் கோபப்பட மாட்டார். "கொஞ்சம் மூச்சு விடட்டும், பாவம்" என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

அவர் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம் என்று பார்த்தால் முடியவில்லை. ஆஸ்பத்திரி, நூலகம், பஸ் அட்டை, தண்ணீர் இணைப்பு என்று ஊரில் ஒவ்வோர் இடமும் தன் கணினியில் தனியாக ஆட்களைப் பதிந்து வைத்திருக்கும். அந்தத் தகவலைக் கேட்டு வாங்க ஒவ்வொன்றுக்கும் ஏபிஐ என்றொரு வாசல் உண்டு. வாசலின் முகவரி என்ன, சாவி என்ன, ஒரு தடவைக்கு எத்தனை பேரைத் தரும், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்பது, அங்கே பிறந்த தேதி என்று இருப்பது இங்கே எந்தக் கட்டத்தில் விழ வேண்டும் என்பதையெல்லாம் இவர் எழுதிக் கொடுப்பார். அதன்பிறகு அலுவலகத்தின் ஒருங்கிணைப்புத் தளம் எல்லாத் தகவலையும் ஒரே தொட்டியில் கொண்டுவந்து சேர்த்துவிடும். "குழாய் வெச்சாச்சு, இனி அது பாட்டுக்கு ஊத்தும்" என்பார். பெயர் வந்த கதை அதுதான். வீட்டில் நிஜக் குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடுவார்.

வயது ஐம்பதைத் தொடப்போகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால், "ஒரு தடவ சோதிச்சுப் பாத்தேன், பதில் வரல" என்று சிரிப்பார். அலுவலகத்தில் எல்லோரும் சக்கர நாற்காலியில் உருண்டுகொண்டிருக்க, இவர் மட்டும் நாலு காலும் தரையில் ஊன்றிய மர நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டார். குழாயில் முதல் தடவையாகத் தகவல் வரும்போது எதையும் மென்றுகொண்டிருக்கக் கூடாது என்பது இன்னொரு பிடிவாதம்.

புதிதாக ஒரு வாசலைச் சேர்க்கும்போது, வருகிற தகவல் சரியான கட்டத்தில் விழுகிறதா என்று பார்க்க ஒரு பொய் ஆள் வேண்டும். எல்லோரும் வாய்க்கு வந்த பெயரைப் போட்டு அடித்துவிட்டுப் போவார்கள். குழாய்க்காரருக்கு அந்த அலட்சியம் பிடிக்காது. பதினெட்டு வருடமாக எல்லா இடத்திலும் அவர் போட்ட பொய் ஆள் ஒரே ஒரு பெண்தான். பெயர் மாதிரி. மாதிரிக்கு இருக்கிற ஆள் என்பதால் அந்தப் பெயர். பிறந்த தேதி ஜனவரி ஒன்று. மறக்காமலிருக்க, வருடம் தன் அக்காவினுடையது. முகவரி தன் வீட்டு முகவரி. தொலைபேசி எண்ணும் அக்காவினுடையதுதான், ஏனென்றால் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்ததா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டுமே.

அக்கா அதற்கென்றே பிறந்தவள். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் "லைன்ல இருங்க" என்று சொல்லி ஓய்வு பெற்றவள். அவருக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள், அவரோடு அதே வீட்டில் இருப்பவள். அவர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, "வந்துச்சாக்கா?" என்பார். "வந்துச்சுடா. நூலகத்துல உறுப்பினர் ஆயிட்டாளாம் உன் மாதிரி. படிப்பாளி போல" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். சோதனை முடிந்ததும் மாதிரியை நீக்கிவிடுங்கள் என்று அந்தந்த இடத்துக்குக் கடிதம் எழுதிவிடுவார். அவர்களும் சரி என்பார்கள். செய்தார்களா என்று யாருக்குத் தெரியும்? ஏபிஐயைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வது இது: "புதுசா வந்தவனைச் சொல்லும். போனவனைச் சொல்லாது."

போன வருடம் மேலிடம் இரண்டு காரியம் சொன்னது. வெவ்வேறு இடங்களில் பதிந்திருக்கும் ஒரே ஆளைக் கண்டுபிடித்து ஒட்ட வேண்டும். ஒட்டியதை அந்தந்த இடத்துக்கே திருப்பியும் அனுப்ப வேண்டும். ஒரே ஆள் இரண்டு பதிவாக இருந்தால் எதை வைத்துக்கொள்வது? விதியைக் குழாய்க்காரர்தான் எழுதினார். எதில் கட்டங்கள் அதிகம் நிரம்பியிருக்கிறதோ, எது புதிதோ அது பிழைக்கும். மற்றது அதற்குள் அடங்கிவிடும். நல்ல விதி என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் மாதிரிக்குச் செய்திகள் தானாகவே வர ஆரம்பித்தன. நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் எடுத்திருக்கிறாள், வியாழக்கிழமைக்குள் திருப்ப வேண்டும். பஸ் அட்டையில் காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஏறியிருக்கிறாள், அதுவும் அவர்கள் தெருமுனை நிறுத்தத்தில். வாரத்தில் ஐந்து நாள். மூன்று வருடத்துக்கு முன் வலது முழங்காலில் நடந்த அறுவைக்கு மறுபரிசோதனை. வேறு யாருடைய பதிவோ தவறிப்போய் இவள்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று குழாய்க்காரர் சொன்னார். தொழிலில் நடக்கக்கூடியதுதான். இருந்தாலும் ஒருநாள் அலுவலகத்துக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, எட்டு மணிக்கே தெருமுனைக்குப் போய் நின்றார். பஸ் வந்தது. கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. ஆனால் ஓர் ஆள் ஏறுகிற நேரம்வரை ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்திருந்து, பிறகுதான் மூடினார்.

அக்காவுக்கு இதெல்லாம் விளையாட்டாக இருந்தது. மாதிரிக்கு வரும் செய்திகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தாள். "எனக்குத்தான் ஒண்ணும் வர்றதில்ல. அவளுக்காவது வருதே" என்றாள். அவள் எதிர்பார்த்திருந்தது ஆஸ்பத்திரியின் செய்தியை. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, மாற்றியாக வேண்டும். நாலு மாதமாகக் காத்திருந்தாள். இரண்டாம் மாடிக்கு ஏற நாலு இடத்தில் நின்றாள். படுத்தால் மூச்சு முட்டியதால் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினாள். "ஆறு வாரத்துக்கு மேல தள்ளாதீங்க" என்று டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அந்த ஆறில் நாலு போய்விட்டது.

குழாய்க்காரர் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேசி, அக்காவின் பெயரையும் எண்ணையும் சொன்னார். பதிவுப் பிரிவுப் பெண் தேடினாள்.

"அந்தப் பேர்ல யாரும் இல்லயே சார்."

"நல்லாப் பாருங்க மேடம். நாலு மாசமா வந்துட்டு இருக்கோம்."

"அந்த நம்பர்ல மாதிரின்னு ஒருத்தங்க இருக்காங்க. வால்வு மாத்தணும்னு போட்டிருக்கு. தேதி குடுத்தாச்சே, வர்ற செவ்வாய்க்கிழமை. செய்தி வரலயா?"

வந்திருந்தது. அக்கா நோட்டிலும் எழுதியிருந்தாள். "அவளுக்கும் வால்வாம்டா, பாவம்" என்று அவரிடம் சொல்லியும் இருந்தாள். அவர்தான் காதில் வாங்கவில்லை.

தளத்தைத் திறந்து பார்த்தார். ஒரே எண், ஒரே வீடு, ஒரே பிறந்த வருடம்: இருவரும் ஒருவரே என்று முடிவாகியிருந்தது. மாதிரி பதினொரு இடத்தில் பதிவானவள். புத்தகம் எடுக்கிறாள், பஸ்ஸில் போகிறாள், நேற்றுக்கூட எங்கோ எதையோ செய்திருக்கிறாள். அக்கா வீட்டைவிட்டு வெளியே போகாதவள். ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு பதிவு, அதிலும் பாதிக் கட்டம் காலி. மாதிரி பிழைத்துக்கொண்டாள். அக்கா அவளுக்குள் அடங்கிப்போனாள். எங்கேயாவது பிழை இருக்குமா என்று ஒரு மணி நேரம் தேடினார். விதி எழுதியபடியே வேலை செய்திருந்தது.

இருவரையும் பிரித்து எழுத ஒரு பொத்தான் உண்டு. பதிவுப் பிரிவுப் பெண்ணிடம் கேட்டார்.

"பிரிச்சா உங்கக்காவைப் புது ஆளா எடுத்துக்கும் சார். வரிசையில கடைசிலதான் நிக்கணும். இன்னும் நாலு மாசம். தேதி மாதிரி பேர்லதான் இருக்கு."

அன்று மாலை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அழுதுவிட்டார். அக்கா அவர் தலையில் தட்டினாள்.

"அவ பேர்ல போனா என்னடா குறைஞ்சு போச்சு? இத்தன வருஷமா என் நம்பர்ல ஓசில குடியிருக்கா. ஒரு நாளைக்கு உதவட்டும்."

இருந்தாலும் கேள்வி கேட்டால் தடுமாறக் கூடாதே என்று மாதிரியின் விவரங்களை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். தேவைப்படவில்லை. அவர் வாயைத் திறக்குமுன் ஜனவரி ஒன்று என்றாள். நூலக உறுப்பினர் எண்ணைப் பார்க்காமல் சொன்னாள். பஸ்ஸில் வலப்பக்கம் உட்கார்ந்தால்தான் வெயில் படாது என்றாள். "நீ எப்பக்கா அந்த பஸ்ல போன?" என்று கேட்டார். அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுதி எழுதிப் பழகிருச்சுடா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவள் தொலைபேசிக்கு ஓர் எண் வந்தது, படித்துச் சொன்னாள், உள்ளே விட்டார்கள். மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் அவளைக் கட்டிலில் உட்காரவைத்து உடை மாற்றினார்கள். குழாய்க்காரர் இந்தப் பக்கம் நடைவழியில் நின்றார். செவிலி கேட்பதும் அக்கா பதில் சொல்வதும் காதில் விழுந்தன.

"இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்காம்மா?"

"வலது முழங்கால்ல ஒண்ணு. மூணு வருஷம் ஆச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கெட்டிக்காரி, ஒன்றைக்கூட விடவில்லை என்று நினைத்துக்கொண்டார். அக்காவின் முழங்காலில் கத்தி பட்டதே இல்லை.

உடை விலகும் சத்தம். செவிலி குனிந்து பார்த்திருக்க வேண்டும். "தழும்பு நல்லா ஆறியிருக்கே" என்றாள்.

குழாய்க்காரர் மறைப்புத் துணியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. செவிலி ஒரு படிவத்தோடு வெளியே வந்தாள்.

"இதுல கையெழுத்து வேணும். உறவுக்காரங்கன்னு யார் பேருமே பதிவுல இல்லயே. நீங்க அவங்களுக்கு என்ன வேணும் சார்?"

"தம்பி."

செவிலி மறைப்புத் துணியை விலக்கினாள். "அம்மா, இவர் உங்க தம்பியாம்மா?"

அக்கா ஆஸ்பத்திரி உடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தாள். வழி கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோல் மரியாதையாகவும் உதவுகிற எண்ணத்தோடும் பார்த்தாள். "எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லயேம்மா" என்றாள். பிறகு அவர் முகம் போன போக்கைக் கண்டு இரக்கப்பட்டு, "நீங்க உக்காருங்க. ரொம்ப நேரமா நிக்கிறீங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் அவரை 'டா' போடாமல் பேசியதே இல்லை. மாதிரியைப் பதிந்த எல்லாப் படிவத்திலும் உறவினர் என்றொரு கட்டம் இருந்தது. நட்சத்திரக் குறி இல்லாத கட்டம்; நிரப்பாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும். பதினெட்டு வருடமாக அதைக் காலியாக விட்டவர் அவர்தான்.

"அக்கா" என்றார். இன்னொரு தடவை கொஞ்சம் பலமாகவே கூப்பிட்டார். அவள் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

நடைவழியின் கோடியில் கட்டில் தள்ளுகிறவர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். செவிலி மணியைப் பார்த்தாள்.

"சொந்தம் இல்லன்னாலும் பரவால்ல சார், கூட வந்தவங்க போட்டாப் போதும். உறவுங்கற இடத்துல 'தெரிந்தவர்'னு எழுதிடுங்க. இல்ல, ஏதாவது குழப்பம்னா இப்பவே சொல்லிடுங்க, அடுத்த ஆளைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

அந்தப் பக்கம் அவள் மூச்சு, படியேறும்போது கேட்கிற அதே இழுப்போடு, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது மட்டும் அக்காவினுடையது. அதைப் போகவிட அவரால் முடியாது.

படிவத்தைச் சுவரில் வைத்து அழுத்திப் பிடித்து, கட்டத்துக்கு வெளியே போகாமல், தெரிந்தவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.