லஸ்கர் கூப்பிடும் குரல்

லஸ்கர் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் படை என்று பொருளாம். எங்கள் ஊரில் அது வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் ஒரே ஓர் ஆள். ஒல்லியான உடம்பு, வெளுத்துப்போன காக்கிச் சட்டை.

ஆற்றில் தண்ணீர் வந்த அன்று, மதகைத் தூக்குமுன் காய்ந்த வாய்க்காலைப் பார்த்து, "உள்ள யாரு? மேல ஏறுங்க!" என்று கத்திவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"படைக்கு ஆள் சேர்க்கிறீங்களா? ஈ காக்கா இல்லையே" என்று சிரித்தேன்.

"ஒரு வருஷம் நானும் அப்படி நெனச்சுத்தான் கூப்பிடாமத் தூக்கிட்டேம்மா. புள்ள ஒண்ணு உள்ள வெளையாடிக்கிட்டு இருந்திருக்கு."

மேலே கேட்டிருக்க வேண்டுமா, கேட்காததுதான் சரியா, இன்னும் தெரியவில்லை. என் மகள் என் இடுப்பில்தான் இருந்தாள். இருந்தும் அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். இப்போதும் அந்தக் குரல் கேட்டால் கை தானாக அங்கே போகிறது. பாதம் காய்ந்துதான் இருக்கிறது.