நான்தான் பார்க்கிறேன் என்றேன்

என் தங்கையைப் பொய்க்காரி ஆக்கியவள் நான். சுற்றி வளைக்காமல் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன், தலைப்பிரசவத்துக்காக அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தேன். அப்பா இல்லை. அம்மா பக்கவாதத்தில் படுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. “அங்கன ஒன்ன யாரு பாப்பா? இங்கனயே பெத்துக்கோ” என்று மாமியார் நல்ல மனதோடுதான் சொன்னார். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தானே பிறக்க வேண்டும்! “அம்மா இப்போ எந்திச்சு நடக்காவ” என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டவள் தங்கை ஜெபா. பதினோராம் வகுப்பு. அம்மாவைத் துடைத்து, உடை மாற்றி, எனக்குப் பத்தியச் சோறு வைத்து, பிள்ளையின் துணிகளை அலசிப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுவாள். தினமும் தாமதம்...

ஒரு மாலை அவளுடைய டீச்சர் வந்தார். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஓர் ஏற்பாடாம். காலையில் ஒரு மணி நேரம் பிந்தி வரலாம். விட்ட பாடத்தை மாலையில் சொல்லித் தருவார்கள். சனிக்கிழமை அந்தப் பிள்ளைகள் கூடிப் பேசுவார்கள். அந்நேரம் நோயாளிக்குத் துணையாக ஒருவர் வீட்டுக்கு வருவார். ஜெபாவே போய்ப் பெயர் கொடுத்திருக்கிறாள்!

எனக்குப் பதறியது. அம்மா இன்னும் படுக்கையில்தான் என்பது மாமியார் காதுக்குப் போனால்? மறுநாளே என்னைக் கூட்டிப்போக வண்டி வந்து நிற்குமே!

“அப்படி ஒண்ணும் இல்ல டீச்சர். அம்மாவ நாந்தான் பாக்கேன்.”

“பிள்ள பெத்து இருவது நாளு ஆகல. நீ பாக்கியா? அப்போ ஒன்ன யாரு பாக்கா?” என்று டீச்சர் சிரித்தார்.

“அவளுக்குப் பிந்திப் போக ஒரு சாக்கு வேணும்லா!” நானும் சிரித்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தச் சிரிப்பாவது வராமல் இருந்திருக்கலாமே...

அடுக்களை வாசலில் ஜெபா நின்றிருந்தாள். அக்காளைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. டீச்சர் அவளைப் பார்த்த பார்வை மாறியது. பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டுப் போனார்.

“ஏன்க்கா?”

“ரெண்டு மாசந்தாம்ட்டி. பொறுத்துக்கோ.”

நான் பிள்ளையோடு திரும்பிப் போனேன். அவள் அதன்பின் யாரிடமும் உதவி கேட்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பாடம் போயிற்று.

போன மாதம் மாமியாரிடமும் டீச்சரிடமும் உண்மையைச் சொன்னேன். “எங்கிட்ட சொல்லுதியே, அவகிட்ட சொன்னியா?” என்றார் டீச்சர். அன்றே ஜெபாவிடம் போனேன்.

சொன்னேன். இனி வாரத்தில் மூன்று நாள் அம்மாவை நான் பார்ப்பதாகவும், அவள் தனித்தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்றும் சொன்னேன். “சரிக்கா. அந்தப் பக்கம் பிடி, அம்மாவத் திருப்பணும்” என்றாள். அவ்வளவுதான்.

நான்கு வாரமாகப் போகிறேன். ஒருநாளும் தவறவில்லை. தவறவும் மாட்டேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் ஒவ்வொரு முறை நான் கிளம்பும்போதும் அவள் வாசல்வரை வருகிறாள்.

“திரும்பவும் வருவியாக்கா? நெசமாவா?”