இரவல் பெயரில் ஆடிய ஹாஃப் பேக்

நான் பத்து வருஷம் கால்பந்து ஆடினேன். என் பெயர் ஒரு நோட்டீஸில்கூட அச்சானதில்லை. பெரம்பலூரிலோ அரியலூரிலோ எந்த டீமில் ஆள் குறைந்தாலும் எனக்கு ஒரு தபால் கார்டு வரும். 'ஞாயிறு ஆட்டம். தவறாமல் வரவும்.' மீன்சுருட்டியிலிருந்து கிளம்பிவிடுவேன். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது, பஸ் கரியில் ஓடியது. மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். ஆட்டத்துக்கு முன்னாலேயே பாதி மூச்சைப் பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டு மைதானத்தில் இறங்குவேன்.

ஆடியது நடுவில். ஹாஃப் பேக் என்பார்கள். பின்னாலிருந்து வருகிற பந்தை வாங்கி முன்னால் நிற்பவனுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். கோலைத் தடுத்தவனுக்குச் சோடா உடைத்துக் கொடுப்பார்கள். நடுவில் ஓடி ஓடிச் செத்தவனை யார் என்றுகூடக் கேட்கமாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. டோர்னமென்ட் கமிட்டியிடம் ஒரு மாதம் முன்பே ஆட்டக்காரர் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். எல்லாரும் அந்தந்தத் தாலுகாக்காரர்களாக இருக்க வேண்டும். அப்புறம் ஒருவனுக்குக் கால் சுளுக்கும், ஒருவனுக்குக் கல்யாணம் வரும். அந்த இடத்தில் வெளியூர் ஆளை இறக்குவார்கள், பட்டியலில் இருக்கிற பெயரிலேயே. எதிர் டீமுக்கும் இது தெரியும். அவர்களிடமும் இரண்டு பேர் அப்படி நிற்பதால் வாயைத் திறக்கமாட்டார்கள். நான் ஆறேழு பெயரில் ஆடியிருக்கிறேன். ஒருமுறை ரெஃப்ரி மூன்று தடவை கூப்பிட்டும் நான் திரும்பவில்லை. அன்றைக்கு நான் யார் என்பதே எனக்கு மறந்துவிட்டது. கேப்டன் ஓடி வந்து முதுகில் ஒரு அறை வைத்த பிறகுதான் திரும்பினேன்.

வீட்டில் அண்ணன் நிலத்தில் உழைத்தார், நான் தண்டச்சோறு. "பந்து ஒதச்சு எவன்டா பொழச்சான்?" என்று தட்டின் முன் உட்காரும்போதெல்லாம் கேட்பார். என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அதையும் வெளியே சொன்னதில்லை. வெளியூர் மில் ஒன்றில் நல்ல டீம் வைத்திருந்தார்கள். ஆடத் தெரிந்தவனுக்கு மில்லிலேயே வேலை போட்டுக் கொடுப்பார்கள். அந்த மில்லுக்காரர் யாராவது ஒரு நாள் நான் ஆடுவதைப் பார்த்துவிட வேண்டும். அந்த ஒரு ஆசையில்தான் அத்தனை பஸ்ஸையும் தள்ளினேன்.

அரியலூரில் ஃபைனல். பெரம்பலூர் டீமின் ஹாஃப் பேக் வேப்பந்தட்டைக்காரன், என் வயசு. அவனுக்கு எதிராக நான் இரண்டு முறை ஆடியிருக்கிறேன். நல்ல சுத்தமான கால். பட்டியல் கொடுத்த பிறகு அவனுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பத்தாம் நாள் போய்விட்டான். 'அவன் இடத்துக்கு வரவும்' என்று எனக்குக் கார்டு வந்தது. இடத்தோடு பெயரும் சேர்த்திதான். செத்தவன் பெயரிலா என்று மனசு கூசியது. ஆனால் கார்டின் ஓரத்தில், கப் கொடுக்க அந்த மில்லின் மேனேஜர் வருகிறார் என்று எழுதியிருந்தது. போய்விட்டேன். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன்.

அவனுக்கென்று தைத்த சட்டை எனக்குத் தோளில் பிடித்தது. ஆட்டம் தொடங்கும் முன் கேப்டன் என் காதருகே வந்தான்.

"அதோ கோட்டுப் பக்கம் கொடையோட நிக்கிறாரு பாரு. அவன் அப்பா. ரெஃப்ரிகிட்ட ஒரு வார்த்தை சொன்னார்னா நம்ம கதை முடிஞ்சுது."

பந்தாடப் போனதற்காக மகனை மாட்டுக் கயிற்றால் அடித்தவர் அவர். ஒரு ஆட்டம்கூட வந்து பார்த்ததில்லை. மகன் பெயரில் வேறொருவன் ஆடப் போகிறான் என்று கேள்விப்பட்டு, அதை நிறுத்தத்தான் வந்திருந்தார். வேப்பந்தட்டைக்காரர்கள் கும்பலாக வந்து ஒரு பக்கம் நின்றிருந்தார்கள். நான் முதல் பந்தைத் தொட்டதுமே அவர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். தெரிந்தேதான் கத்தினார்கள். சிலர் அழுதுகொண்டே கத்தினார்கள்.

இடைவேளையில் எலுமிச்சம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டு நின்றேன். அவர் நேராக என்னிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அவன் எந்த எடத்துல ஆடுவான், தம்பி?"

"நான் ஆடுற இதே எடந்தாங்க. நடுவுல."

நடு மைதானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரெஃப்ரி பக்கம் போகவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு, நடுக்கோடு முடிகிற இடத்தில் போய் நின்றுகொண்டார்.

ஒரு கோலில் ஜெயித்தோம். பந்தைக் கொடுத்தது நான். என் வாழ்க்கையில் முதல் முறையாகக் கூட்டம் முழுவதும் ஹாஃப் பேக் பெயரைச் சொல்லிக் கத்தியது. அது என் பெயர் இல்லை. இருந்தாலும் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மில் மேனேஜர் என்னைத் தட்டிக்கொடுத்து, பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றையும் கேட்டுச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் கப் போய்விடும். செத்தவன் பெயரைச் சொன்னேன். அவன் அப்பா பெயரைச் சொன்னபோது, அந்த மனிதர் பத்தடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"லெட்டர் வந்தா போஸ்ட்மேன்கிட்ட சொல்லி நான் வாங்கித் தர்றேன்" என்றான் கேப்டன். வேலை கிடைத்தால் ஆயுசு முழுக்க அந்தப் பெயரிலேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். சொந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன சுகத்தைக் கண்டேன்?

கேப்டனுக்குச் சாமர்த்தியம் போதவில்லை. 'லெட்டர் வந்துவிட்டது. பெரியவர் கைக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை மில்லில் ஆஜராக வேண்டுமாம். நீயே போய்க் கேள்' என்று எழுதினான். எனக்கு அந்தக் கார்டு கிடைத்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பெரம்பலூர் வந்து, அங்கிருந்து வேப்பந்தட்டைக்கு நடந்தேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இது எனக்கு வந்த லெட்டருங்க, நான் ஆடினதுக்கு வந்ததுங்க, கொடுத்துடுங்க.

பருத்திக் காட்டில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் வரப்பில் உட்கார்ந்து, மடியிலிருந்து லெட்டரை எடுத்தார். பிரித்துப் பிரித்து மடித்ததில் மடிப்பெல்லாம் நைந்திருந்தது. முழுக்க இங்கிலீஷ். அவருக்குத் தமிழே எழுத்துக்கூட்டத்தான் தெரியும்.

"போஸ்ட்மேன் படிச்சுச் சொன்னான். இந்த எடத்துலதான் அவன் பேரு இருக்காம்." ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். "பந்தாடுறவனுக்கு எவன்டா வேல குடுப்பான்னு அடிச்சேன், தம்பி. இந்தக் கையாலதான் அடிச்சேன். இப்ப வேல போட்டுக் கடுதாசி வந்திருக்கு."

நானும் வரப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீயே சொல்லு. இது ஒனக்கு வந்ததா, அவனுக்கு வந்ததா?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அவர் விரல் இன்னும் அந்த வரியின் மேலேயே இருந்தது.

"அவனுக்கு வந்ததுதாங்க" என்றேன். "போன வருஷமே அந்த மேனேஜர் அவன் ஆட்டத்தப் பாத்துட்டாருங்க. அதான் பேரக் கேட்டு எழுதிக்கிட்டாரு."

என் முகத்தையே பார்த்தார். அன்றைக்குப் பத்தடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டவர். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. லெட்டரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வூட்டுக்கு வா. சாப்புட்டுட்டுப் போவ."

சாப்பிட்டேன். பெரம்பலூர் பஸ் நிற்கும் இடத்தில், ஆட்கள் பார்க்கப் பார்க்க உட்கார்ந்து அழுதேன். அவனுக்காக அழவில்லை. கையில் வந்ததை விட்டுவிட்டு வந்த என் முட்டாள்தனத்துக்காக அழுதேன். திங்கட்கிழமை காலையில் அண்ணன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கார்டுகள் தொடர்ந்து வந்தன. இன்னும் நாலு வருஷம் யார் யார் பெயரிலோ ஆடினேன். பெரம்பலூரில் எப்போது ஆடினாலும் நடுக்கோட்டு முனையில் அந்தக் குடை நிற்கும். அவர் என்னிடம் பேசியதில்லை, நானும் கிட்டே போனதில்லை.

கடைசி ஆட்டமும் பெரம்பலூரில்தான். அன்றைக்கு நான் ஒரு ஜவுளிக்கடைக்காரர் மகன். பந்துக்குத் தாவியபோது முழங்கால் திரும்பிக்கொண்டது. விழுந்து கிடந்தேன். ரெஃப்ரி பட்டியலைப் பார்த்து ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரை என்று எனக்கு உறைக்கவில்லை. அப்போது கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கிழட்டுக் குரல் செத்துப்போன தன் மகன் பெயரைச் சொல்லி, "எந்திரிடா!" என்று கத்தியது.

சட்டென்று திரும்பினேன். "இதோ எந்திரிக்கிறேங்க" என்று சொல்லிக் கையை ஊன்றினேன். கால் எழவில்லை.