குளவி அடைபட்ட அம்பர்

காஜிமார் தெரு ஜெயினம்பு தஸ்பீஹ் என்கிற ஜெபமாலைக்கு மணி கோப்பவள். எதையும் சட்டென்று நம்பமாட்டாள். மணி மூட்டை வந்தால் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்ப்பாள். பால் அளக்கும் படியின் அடியைத் தடவிப் பார்ப்பாள்.

அவள் புருஷன் பக்கீர் முகமது மாண்டலேயில் மணிக்கடை வைத்திருந்தார். பர்மாவில் குண்டு விழுவதற்கு முன் வந்த கடைசிக் கடுதாசியில், "குளவி அடைபட்ட அம்பர் ஒன்று கிடைத்திருக்கிறது. என் உசிரு இருக்கிற வரைக்கும் யாருக்கும் கொடுக்கமாட்டேன். அது உனக்குத்தான்" என்று எழுதியிருந்தார். அம்பர் என்றால் கல்லாக இறுகிப்போன ஆதிகாலத்து மரப்பிசின்; மணிக்காரர்களுக்கு அது தங்கம் மாதிரி. பெருமை தாங்காமல் தெரு முழுக்க அதை வாசித்துக் காட்டினாள்.

நாற்பத்திரண்டாம் வருஷக் கோடையில் பர்மாவிலிருந்து நடந்தே தப்பியவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவன் பக்கீரைக் கல்கத்தாவில் பார்த்தேன் என்று சொல்லிச் சோறு தின்றுவிட்டுப் போனான். இன்னொருவன் சிட்டகாங் ஆஸ்பத்திரி என்றான். விசாரித்ததில் இரண்டும் புளுகு. மூன்றாவதாக வந்தவன் மேலூர் சிஹாபுதீன். காலெல்லாம் புண்.

"லாத்தா, அண்ணன் வழியில வாந்திபேதி கண்டு மௌத்தாயிட்டாக. இதை உங்க கையில சேக்கச் சொன்னாக" என்று தேன் நிறக் கட்டியொன்றை நீட்டினான். உள்ளே எள்ளளவு குளவி, இறக்கை விரித்தபடி.

ஜெயினம்பு அழவில்லை. கடுதாசிச் சேதிதான் ஊருக்கே தெரியுமே! குங்கிலியத்தை உருக்கி ஒரு குளவியைப் போட எம்புட்டு நேரமாகும்? கட்டி போலியென்றால் சாவும் பொய்தான்.

"நான் வார வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்று அவனிடம் சொல்லி, பக்கத்து வீட்டு சைனப்பைக் காவல் வைத்தாள்.

ஊசியைக் காய்ச்சிக் கட்டியின் ஓரத்தில் வைத்தாள். குங்கிலியமாயிருந்தால் உடனே இளகி இழுபடும். இது இளகவில்லை, லேசாக வாசனைப் புகை வந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். பிசுபிசுக்கவில்லை. அப்படியும் மனம் ஒப்பாமல் ஜட்கா பிடித்துத் தல்லாகுளம் போனாள். பூச்சிகளை ஊசியில் குத்திப் பெட்டி பெட்டியாக வைத்திருக்கும் காலேஜ் வாத்தியார் மருது அங்கே இருந்தார்.

லென்ஸை வைத்துக் குனிந்தவர் நிமிரவே நேரமாயிற்று.

"எங்கம்மா கிடைச்சது?"

"அது கிடக்கட்டும் சார். இது நம்மூருக் குளவிதானே?"

"இல்லம்மா. இந்த இறக்கை நரம்பைப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சு இப்ப உசிரோட இருக்கிற எந்தக் குளவிக்கும் இப்படிக் கிடையாது. பல கோடி வருஷத்துக்கு முன்னால மரப்பிசின்ல மாட்டியிருக்கு. அந்த இனமே அத்துப்போச்சு."

"யாராச்சும் செஞ்சு வச்சிருந்தா?"

"இல்லாத குளவியை எங்கேருந்து பிடிப்பான்?"

படம் வரைய இரண்டு நாள் கேட்டார். "இங்கனயே வரைங்க சார், நான் உக்காந்திருக்கேன்" என்றாள். வரைந்து முடித்ததும் படத்தில் கால்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வீட்டில் சிஹாபுதீன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். "முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள். சொன்னான். மறுபடியும் சொல்லச் சொன்னாள். எந்த ஊர், எந்த ஆறு, அடக்கம் செய்தது யார் யார்? எதுவும் மாறவில்லை. மூன்றாம் தடவை அவன் ஆற்றங்கரைக்கு வருவதற்குள்ளேயே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். சைனப் வந்து தாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கே ஜெயினம்பு, புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வீடடங்கி இருக்கும் இத்தாவில் உட்கார்ந்தாள்.